நம்ம மைன்கிராஃப்ட் சர்வர்ல ஏன் பிவிபி ஆஃப் பண்றோம்

வணக்கம் மக்களே,

வர்ற ஞாயித்துக்கிழமைலேர்ந்து நம்ம கடை மைன்கிராஃப்ட் சர்வரோட (எல்லாரும் சேந்து தோண்டி, கட்டி வெளையாடற உலகம்) மெயின் வேர்ல்டுல பிவிபி கெடையாது, அதாவது ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்க முடியாது. நாலு நாளா வாட்ஸ்அப் குரூப்ல "கேமோட உசுரே போச்சுண்ணே"ன்னு ஒரே சத்தம், தனித்தனியா பதில் டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா ஒரு மடல்.

சாயந்திரம் வர்ற ஒரு பொண்ணு, ஏழாவது படிக்குது, கேமுக்குள்ள இருக்கற நெதர்ங்கற பாதாள உலகத்துல ஒரு வாரமா தோண்டி, நெதரைட்டுங்கற ஒசத்தி உலோகத்துக்கு வேண்டியத சேத்து எடுத்துட்டு போர்ட்டல் வழியா வெளிய வருது, வாசல்லயே நாலு பேரு நின்னு போட்டுத்தள்ளி எல்லாத்தையும் அள்ளிட்டாங்க. மறுநாளும் அதே கதை. அதுக்கப்புறம் அது கடைப்பக்கமே வரல. அந்த நாலு பேரும் நம்ம பசங்கதான், ரூல்ஸ் எதையும் மீறல, சர்வர் விட்டுச்சு அவனுங்க செஞ்சானுங்க, தப்பு எங்க மேலதான்.

இது பழைய பஞ்சாயத்து. 1997ல அல்டிமா ஆன்லைன்னு ஒரு கேம் வந்தப்ப ஊர் எல்லைய தாண்டினா யாரும் யாரையும் போடலாம், புதுசா வர்றவங்க தாங்காம ஓட, 2000ல உலகத்தையே ரெண்டாக்கிட்டாங்க, ட்ராமல்ல சண்டை இல்ல, ஃபெலுக்கால பழையபடி. ஜனம் பெரும்பாலும் ட்ராமலுக்கு குடிபோயிருச்சு, கேமே அதோட செத்துப்போச்சுன்னு பழைய ஆளுங்க இன்னிக்கும் பொலம்பறாங்க. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்ங்கற கேம்ல 2018ல வார் மோட்னு விட்டாங்க, சண்டை வேணும்னா தலைநகர்ல போய் ஆன் பண்ணிக்கலாம், பண்ணா எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கூடுதல். ரிஸ்க் எடுக்கறவனுக்குக் கூலி ஜாஸ்தி, எடுக்காதவன வம்புக்கிழுக்கறது இல்ல, எனக்கு இது புடிச்சிருக்கு.

பயம் இல்லாம என்ன த்ரில்லுன்னு கேக்கறீங்க, அதுவும் நியாயம்தான். சீ ஆஃப் தீவ்ஸ்ங்கற கடல்கொள்ளை கேம்ல புதையல ஏத்திட்டு வரும்போது தூரத்துல வேற ஆளுங்க பாய்மரம் தெரிஞ்சா வயித்த கலக்கும் பாருங்க, அதுதான் அந்த கேமே. ஆனா அவங்களே 2023 கடைசில மத்த ஆளுங்க கப்பல் வராத கடல் ஒண்ண தனியா குடுத்தாங்க, என்ன, தங்கம் கொறச்சலா கெடைக்கும். நம்ம போர்ட்டல் வாசல்ல நடந்தது சண்டையே இல்லயே, எதிர்ல நின்ன பொண்ணுக்கு திருப்பி அடிக்கக்கூட தெரியாது.

அதனால சண்டை வேணுங்கறவங்களுக்கு அரீனான்னு தனி வேர்ல்ட் போடறோம், அங்க எல்லாம் செல்லும், செத்தா சாமான் போச்சு, வாராந்திர பிரைஸும் அங்க ஜெயிக்கறவங்களுக்குத்தான்.

இன்னொண்ணு, பிவிபி ஆஃப் பண்ணா கத்தியும் அம்பும்தான் ஆளுங்க மேல வேலை செய்யாது, லாவா (நெருப்புக் கொழம்பு) பக்கெட்டும் டிஎன்டி வெடியும் ஆள கொல்லும், பெட்டிய தொறந்து திருடறதையும் அது தடுக்காது. இதையெல்லாம் சர்வரோட லாக் (யார் என்ன செஞ்சாங்கங்கற பதிவு) பாத்து நாங்கதான் புடிக்கணும், மாட்டினா ஒரு வாரம் சர்வர்ல எடம் இல்ல.

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு பேக்கப் எடுக்கறோம், அரீனாவுக்கு கொண்டுபோக வேண்டியத அதுக்குள்ள ஸ்பான் (கேம்ல மொதல்ல வந்து எறங்கற எடம்) பக்கத்துல இருக்கற செவப்பு பெட்டில போட்டுடுங்க. அந்த பொண்ணோட சாமான் யார்கிட்ட இருக்கோ அவங்களும் அதே பெட்டிலயே போட்டுடலாம், யாருன்னு கேக்கமாட்டோம்.