சேனலைத் தூக்குவது ஒருவர், வசவு வாங்குவது நாங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் கேபிள் தொழில் செய்கிறவன் நான். மாத வசூலுக்குப் போனால், காசை எடுப்பதற்கு முன்னாலேயே கேள்வி வந்துவிடுகிறது: "காலையில சாமி பாட்டுப் போடுவானே, அந்த சேனல் எங்கப்பா?" ரேஷன் கடைக்காரர் மாதிரி நானும் "மேலேருந்து வரலம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்கிறேன். டிஷ் வைத்திருக்கும் வீடுகளிலும் இதே கதைதான். அவர்களுக்குத் திட்டுவதற்கு ஆள்கூட நேரில் கிடையாது.

நாம் கட்டும் பணத்தில் சேனலுக்குப் பங்கு போகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். கட்டணச் சேனலுக்கு அது சரி. இலவசச் சேனலுக்குக் கணக்கு தலைகீழ். தன்னை வரிசையில் வைத்திருக்க டிடிஎச் (டிஷ்), கேபிள் நிறுவனங்களுக்குச் சேனல்தான் பணம் கட்ட வேண்டும். கேரேஜ் கட்டணம் என்பது அதுதான். ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-ல் கொண்டுவந்த விதியில், சாதாரணச் (எச்டி அல்லாத) சேனலுக்கு ஒரு சந்தாதாரருக்கு மாதம் 20 பைசா வரை கேட்கலாம் என்று இருந்தது. 2020-ல், ஒரு நிறுவனம் ஒரு சேனலுக்கு மாதம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். இருபது பைசாதானே என்று தோன்றும். நான்கு டிடிஎச் நிறுவனங்களும் அந்த வரம்பு வரை கேட்டால் மாதம் 16 லட்சம், வருடத்துக்கு 1.92 கோடி. ஜிஎஸ்டி தனி, கேபிள் நிறுவனங்களுக்குக் கொடுப்பது தனி. ஜவுளிக்கடை, சித்த வைத்தியசாலை விளம்பரங்களை நம்பி ஓடும் சேனல் எங்கே போகும்?

நூற்றுக்கு இருபது சந்தாதாரர் அந்தச் சேனலை எடுத்திருந்தால் இந்தக் கட்டணமே கிடையாது என்று அதே விதி சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு இலவசச் சேனலை அடிப்படை பேக்கில் போடுவதா, மூலையில் 800-க்கு மேல் ஒரு எண்ணில் ஒளித்து வைப்பதா என்று முடிவு செய்வது கட்டணம் வாங்குகிற நிறுவனமேதான். பேக்கில் இல்லாததை ரிமோட்டில் தேடிப் பிடித்துக் கேட்டு வாங்கும் சந்தாதாரர் எத்தனை பேர்? பிறகு "மக்கள் பார்ப்பதில்லை" என்று காரணமும் சொல்லிவிடுகிறார்கள்.

டிடிஎச்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. செயற்கைக்கோளில் அவர்கள் வாடகைக்கு எடுக்கும் இடம் அளவானது, செலவும் அதிகம். அமெரிக்காவில் பணம் எதிர்த்திசையில் போகிறது, அங்கே பல உள்ளூர் நிலையங்களுக்கு டிஷ் நிறுவனம் கொடுக்க வேண்டும். அங்கும் சண்டைக்குக் குறைவில்லை. 2023 ஜூலையில் டைரக்டிவி என்ற டிஷ் நிறுவனமும், உள்ளூர் நிலையங்களை வைத்திருக்கும் நெக்ஸ்டாரும் மோதிக்கொண்டதில் 150-க்கும் மேற்பட்ட நிலையங்கள் செப்டம்பர் வரை அந்த டிஷ்ஷில் தெரியவில்லை. ஆனால் யாருக்கும் யாருக்கும் தகராறு என்பதாவது அங்கே வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தது.

இங்கேயும் பெரியவர்கள் மோதினால் தெரிகிறது. 2023 பிப்ரவரியில் ஸ்டார், ஜீ, சோனி மூவரும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சிக்னலை நிறுத்தியபோது நாடெங்கும் பேச்சானது, சில நாட்களில் வழியும் பிறந்தது. சின்னச் சேனல் போனால் ஒரு வரிச் செய்தி கிடையாது. வழக்குப் போடுவதென்றால் தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் தகராறுகளை விசாரிக்கும், டெல்லியில் உள்ள டிடிசாட் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். வக்கீல் செலவுக்குக் கேரேஜ் கட்டணமே மேல் என்று ஆகிவிடும்.

கட்டணத்தை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு சேனலை எடுத்தால் அதே எண்ணில் ஒரு மாதமாவது அறிவிப்பு ஓடட்டும்: எந்தத் தேதியில் எடுத்தார்கள், கட்டணத் தகராறா, இடமில்லையா, சேனலே விலகிக்கொண்டதா என்று தமிழில். கேரேஜ் விகிதத்தை இணையதளத்தில் போடுகிறார்கள், சரி. அதற்கு வெளியே 'மார்க்கெட்டிங்' என்ற பெயரில் கைமாறும் தொகையையும் டிராய் வெளியிடச் செய்யட்டும். வரம்பு வைத்தும் சின்னச் சேனல்கள் திணறுவது ஏன் என்பது அப்போது கணக்கில் தெரியும்.

- ஒரு கேபிள் ஆபரேட்டர், கோவில்பட்டி