இரண்டாவது கறவைக்குக் காத்திருந்த பெரியவருக்கு

பெயர் கேட்காமல் பிரிந்துவிட்ட பெரியவருக்கும், பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்ளும் எங்கள் ஊராருக்கும் கோத்தகிரியிலிருந்து வணக்கம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு மூளையுறையில் வளர்ந்த மெனிஞ்சியோமா கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். திசுப் பரிசோதனையில் முதல் தரம், புற்று அல்ல என்று வந்தது. சாதுவான கட்டிதான். ஆனால் சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள்; இங்கே காடே மண்டையோட்டளவுதான். இந்த ஜூன் மாத எம்.ஆர்.ஐ.யில் பழைய இடத்தில் வெள்ளையாக ஒரு தடிப்பு தெரிந்தது. அது அறுவைத் தழும்பா, மிச்சக் கட்டியா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அதைப் பிரித்தறிய பெட் ஸ்கேன் எடுக்கலாம் என்றதும், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அது சேரும் இடத்தைப் படமெடுப்பதைத்தான் நினைத்தேன். கோவையில் அணு மருத்துவ டாக்டர் அம்மா சிரித்தார். மூளையே சர்க்கரையில் பிழைக்கும் உறுப்பு. படம் முழுக்க ஒளிர்ந்தால் கட்டியை எங்கே தேடுவது? மெனிஞ்சியோமா செல்களின் மேல் சொமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. அவற்றில் போய் ஒட்டும் டோட்டாடேட் என்ற மருந்தோடு காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்துச் செலுத்தினால் கட்டி மட்டும் ஒளிரும், தழும்பு இருண்டே கிடக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அவருக்கு என் முதல் நன்றி. கட்டியின் தரத்தை இந்தப் படம் தீர்மானிக்காது, அதற்குத் திசுதான் சாட்சி என்பதையும் அவர் மறைக்கவில்லை.

காலியம்-68 என்பது 68 நிமிடத்தில் பாதியாகிவிடும் சரக்கு. ஜெர்மானியம் அடைத்த ஒரு கருவியிலிருந்து அன்றன்று எடுக்கிறார்கள். அங்கே அதற்குப் பெயரே 'கறப்பது'. ஒரு முறை கறந்தால் மறுபடி நன்றாக ஊற நான்கு மணி நேரம் போலாகும். மாடு வைத்திருப்பவனுக்கு இதற்குமேல் விளக்கம் எதற்கு?

காலை எட்டரைக்கு ஊசி. ஜீப் ஓட்டும் தம்பி நான்கு மணிக்கே வாசலில் நின்றான். குஞ்சப்பனையில் பலாப்பழ வாசனைக்கு வந்த யானைகள் சாலையில் நின்றன. ஒலிப்பானைத் தொடாமல் ஒன்றரை மணி நேரம் விளக்கை அணைத்துக் காத்திருந்தான். அந்தப் பொறுமைக்கு நன்றி. வழியில் டயரும் பஞ்சரானது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது என் மனைவியின் பங்கு வீணாகியிருந்தது. மிச்சம் ஒருவருக்குத்தான் போதும். வரிசையில் அடுத்து இருந்தவர் நீங்கள். "மலைக்குத் திரும்ப வேண்டியவர்கள், முதலில் போகட்டும். நான் மதியக் கறவைக்கு இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டீர்கள்.

படத்தில் தடிப்பின் பெரும்பகுதி இருட்டாகவே இருந்தது. ஓரத்தில் மிளகளவு ஒளி மட்டும். நடுவில் பளிச்சென்று இன்னொன்று தெரிய, எனக்கு உயிரே போய்விட்டது. அது பிட்யூட்டரி சுரப்பி, எல்லோருக்கும் ஒளிரும் என்றார் டெக்னீஷியன் தம்பி. மண்டையை மறுபடி திறக்க வேண்டாம், அந்த மிளகுக்கு மட்டும் கதிர்வீச்சு போதும் என்று முடிவாயிற்று.

கொழுந்துப் பணத்தை முன்கூட்டியே தந்த ஃபேக்டரி கணக்கருக்கும், கதிர்வீச்சு அடங்கும்வரை பேரனை அன்றிரவு தன் வீட்டில் படுக்கவைத்த கீழ்வீட்டு அண்ணிக்கும், எங்கள் மாட்டை இரு வேளையும் கறந்தவருக்கும் நன்றி. என் மனைவி இருட்டில் மின்னுவாளா என்று எட்டிப் பார்க்க வந்த பெரியம்மாவுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் அன்று முதலில் சிரித்தது அப்போதுதான்.

பெரியவரே, மழைக்குள் மலையேற வேண்டும் என்ற அவசரத்தில் உங்களிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டோம். உங்களுக்கு என்ன கட்டி, உங்கள் படம் எப்படி வந்தது என்றுகூட நான் கேட்கவில்லை. அவள் அதைத் தினமும் கேட்கிறாள்.