நீங்கள் அனுப்பிய 18 பாக்கெட்டில் இருப்பது நான் வாங்கிய தாள் இல்லை

அனுப்புநர்: கையால் புகைப்படப் புத்தகம் செய்கிற ஒரு வாடிக்கையாளர், காரைக்குடி.

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், அங்கே முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவருக்கும்.

பொருள்: பருத்தித் தாள் என்ற பெயரில் வேறு தாள் வந்தது, அதனால் ஒரு பதிப்பு முழுவதும் வீணானது பற்றி.

வணக்கம்.

போனில் பேசியாயிற்று, வாட்ஸப்பில் படம் அனுப்பியாயிற்று. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து ‘என்ன பிரச்சினை மேடம்’ என்று ஆரம்பத்திலிருந்து கேட்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதமாக எழுதிவிடுகிறேன். இனி யார் எடுத்தாலும் இதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

நான் வாங்கியது ஏ3 பிளஸ் (13க்கு 19 அங்குலம்) அளவுத் தாள். உங்கள் இணையதளத்தில் அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்பதை அப்படியே சேமித்து வைத்திருக்கிறேன்: 100 சதவீதம் பருத்தி, வெண்மையூட்டி கிடையாது, இருபுறமும் அச்சிடலாம், 190 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடை), புத்தகம் கட்ட ஏற்ற குறுக்கு கிரெயின், அதாவது தாளின் நார் நீளவாக்கில் ஓடாமல் அகலவாக்கில் ஓடுவது. பாக்கெட்டுக்கு 25 தாள், மொத்தம் 30 பாக்கெட், வரி போக 1,12,500 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினேன். அதற்கு முன்னால் புரட்டாசியில் ஒரு சாம்பிள் பாக்கெட் வாங்கி, அச்சடித்து, மடித்து, தைத்து, ஒரு மாதிரிப் புத்தகமே செய்து பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஐப்பசியில் பெரிய ஆர்டர் கொடுத்தேன்.

வந்த 30 பாக்கெட்டில் 12 பாக்கெட் சாம்பிளில் இருந்த அதே தாள். மீதி 18 பாக்கெட் வேறு தாள். வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் ஒன்றுதான், பில்லில் உள்ள சரக்கு எண்ணும் ஒன்றுதான்.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஆள் ஒருவர் ‘பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது மேடம்’ என்றார். என் புத்தகம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று இந்தப் பக்கத்து ஊர்களில் பல வருஷமாக எடுத்த படங்கள். முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாம் கட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி) ஒதுக்கிய அறைகளில் தொங்கும் பூட்டுகள், மழைத் தண்ணீர் நடு முற்றத்தில் இறங்கும் இடம். பங்காளிகளுக்குள் ஒத்துவராமலோ, பராமரிக்க ஆளில்லாமலோ இதில் சில வீடுகளை இடித்துப் பிரித்துவிட்டார்கள். பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அதே தூண் வளவில் நின்றபோது எடுத்த படத்தை வீட்டில் வந்து பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்களுக்கு இனி மிச்சம் அந்தப் படம்தான். அது பத்து வருஷத்தில் மஞ்சளாகிற தாளில் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் சாதாரணத் தாளைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து உங்களிடம் வாங்கினேன். ரோஜா முத்தையா ஒரு ஆயுள் முழுவதும் புத்தகமும் பத்திரிகையும் சேர்த்துக் காப்பாற்றியது இதே கோட்டையூரில்தான். அமிலத் தாளில் அச்சடித்த பழைய புத்தகம் விரல் பட்டாலே ஒடிவதை இங்கே பலரும் பார்த்திருக்கிறோம். தாள் விஷயத்தில் எங்களிடம் ‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்று பேசாதீர்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். புத்தகம் 48 பக்கம். ஒரு தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம், ஆகப் புத்தகத்துக்கு 12 தாள். மூன்று மூன்று தாளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி நான்கு ஃபாரம், அதை நூலால் தைத்து, அட்டைக்குக் காரைக்குடி கண்டாங்கித் துணி போர்த்த வேண்டும். மொத்தம் 50 பிரதி, ஒவ்வொன்றிலும் எண் போட்டுக் கையெழுத்து. கார்த்திகை முழுக்க வீட்டிலேயே இங்க்ஜெட்டில் அச்சடித்தேன். முதல் தாளை 50 பிரதிக்கும் அடித்து முடித்து, அப்புறம் இரண்டாம் தாள், அப்புறம் மூன்றாம் தாள் என்றுதான் அடிப்பது வழக்கம், நிறம் ஒரே மாதிரி வரும் என்பதால். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடவே முடியும். இப்படிப் போனதில் முதல் ஐந்து தாள் சரியான பாக்கெட்டிலும், ஆறாம் தாளிலிருந்து பன்னிரண்டாம் தாள் வரை உங்கள் வேறு தாளிலும் விழுந்திருக்கிறது. அதாவது 50 பிரதியில் ஒன்றுகூடத் தேறவில்லை. 18 பாக்கெட் போனாலும் மீதி 12 பாக்கெட்டுக்கான புத்தகமாவது கிடைத்திருக்குமே என்று உங்கள் ஆள் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு என் வேலைக்கு ஒத்துவராது.

அச்சடிக்கும்போது கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்றும் கேட்டார்கள். என் அறையில் இருப்பது எல்இடி விளக்கு. வெண்மையூட்டி என்பது புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிர்ந்து தாளை வெளுப்பாகக் காட்டுகிற பொருள். எல்இடியில் புற ஊதா ஒளி கிட்டத்தட்ட இல்லை, அதனால் வெண்மையூட்டி கலந்த தாளும் கலக்காத தாளும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்துக்குப் போனால்தான் அது வேலையைக் காட்டும்.

மார்கழியில் எங்கள் பைண்டிங் அண்ணன் திண்ணையில் வைத்துத்தான் மடிக்க ஆரம்பித்தோம். கடைகளுக்குப் பேரேடு கட்டியே வாழ்ந்தவர் அவர். முதல் ஃபாரம் வெண்ணெய்க்கட்டியாக மடிந்தது. இரண்டாம் ஃபாரத்தில் நடுத்தாளை எடுத்து மடித்து, கட்டையால் ஒரு இழுப்பு இழுத்தார், கையை எடுத்துவிட்டார். “ஆத்தா, இது முன்னாடி கொடுத்த தாள் இல்லையே. மடிய மாட்டேங்குது, எந்திரிச்சு எந்திரிச்சு நிக்குது” என்றார். மடிப்பில் மையோடு மேல் பூச்சு வெடித்து, மேலிருந்து கீழ்வரை பொடிப்பொடியாக வெள்ளைக் கோடு. அது ஆத்தங்குடியில் எடுத்த படம். கண்ணாடிமேல் தகட்டு அச்சை வைத்து அதற்குள் ஒருவர் சிவப்பு வண்ணத்தை ஊற்றுகிறார், கண்ணாடியில் அவருடைய முகம் பாதி தெரிகிறது. அந்த முகத்தின் நடுவே போகிறது வெடிப்பு. அடுத்த பிரதியை மடித்தார், அதுவும் வெடித்தது. மூன்றாம், நான்காம் ஃபாரங்களின் நடுப்பக்கமும் அப்படித்தான்.

அவர் உடனே சாம்பிள் தாளில் ஒரு சின்னத் துண்டு, உங்கள் புதுத் தாளில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, இரண்டிலும் நீளப்பக்கம் எது என்று பென்சிலால் குறித்து, ஒரு முகத்தில் மட்டும் தண்ணீர் தடவினார். தாள் எப்போதும் கிரெயினை அச்சாக வைத்துத்தான் சுருளும். ஒரு துண்டு இந்தப் பக்கம் சுருண்டது, மற்றது அந்தப் பக்கம் சுருண்டது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? நார் ஓடும் திசையிலேயே மடித்தால்தான் தாள் பணியும், புத்தகம் விரித்த இடத்தில் கிடக்கும். குறுக்கே மடித்தால் நார் ஒடியும், நம் ஊர் ஈரக்காற்றுக்கு முதுகுப் பக்கம் நெளியும். 19 அங்குலத் தாளை நடுவில் மடிக்கிறவர்களுக்காகத்தானே குறுக்கு கிரெயின் என்று தனியாகப் போட்டு விற்கிறீர்கள்?

அப்புறம் அந்தத் திண்ணை வெயிலிலேயே இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்துவிட்டது. செட்டிநாட்டுச் சுவரின் வெள்ளை சாதாரண வெள்ளை இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி மெருகேற்றியது. அந்தச் சுவர்களின் நிறம் அச்சில் சரியாக வர, சாம்பிள் தாளை வைத்தே நிறக் கோப்பு தயார் செய்தேன். பழைய தாளில் சுவர் சுவராக இருக்கிறது. உங்கள் புதுத் தாளில் அதே சுவர் நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி வெளுத்து நிற்கிறது. ஒரே வீடு, ஒரே வளவு, பக்கத்தைத் திருப்பினால் வேறு வெள்ளை.

கடைக்காரர்கள் ரூபாய் நோட்டு பார்க்கிற புற ஊதா டார்ச்சை வாங்கி வந்து இருட்டில் அடித்தும் பார்த்தோம். நம் 500 ரூபாய் நோட்டு பருத்தித் தாள், வெண்மையூட்டி இல்லாதது, அதனால் தாள் மங்கலாகவே இருக்கும், எண்ணும் உள்ளே இருக்கும் இழைகளும் மட்டும் ஒளிரும். சாம்பிள் தாளும் அதே போல மங்கல். உங்கள் 18 பாக்கெட் தாள் முழுக்க நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. வீடியோ உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், திரும்பவும் அனுப்புகிறேன். இந்த வெண்மையூட்டி கொஞ்ச காலத்தில் செயலிழந்துவிடும், அப்போது தாள் மஞ்சளிக்கும். அதைத் தவிர்க்கத்தான் அது வேண்டாம் என்று கேட்டு வாங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரிக்காத பாக்கெட் ஒன்றில் உங்கள் ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அடியில் இன்னொரு லேபிள் தெரிகிறது. தயாரித்தவர்களின் லேபிள் போல இருக்கிறது, அதில் இருக்கும் சரக்கு எண் வேறு. நான் அதைப் பிரிக்கவில்லை, படம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்தீர்களா, கிடங்கில் கலந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு லேபிள் மேல் இன்னொரு லேபிள் தானாக ஒட்டிக்கொள்ளாது. இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

வெளியீடு தை மாதம் என்று முன்பே முடிவாகியிருந்தது. நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் நகரத்தார் குடும்பங்கள் வருவார்கள், படங்களில் இருக்கும் வீடுகளின் சொந்தக்காரர்கள் பலரும் அதில் அடக்கம். அவர்கள் ஊரில் இருக்கும் வாரத்தில் வைத்தால்தான் எல்லாரும் கையில் வாங்கிப் பார்க்க முடியும் என்று கானாடுகாத்தானில் ஒரு வீட்டு முகப்பில் ஏற்பாடு செய்தேன். பந்தி, பத்திரிகை எல்லாம் ஆனபின் தள்ளிப்போட வழியில்லை. மேசையில் சாம்பிள் தாளில் முன்பு செய்த அந்த ஒரு மாதிரிப் புத்தகத்தை மட்டும் வைத்தேன். ஒரு ஆச்சி, தான் வாக்கப்பட்டு வந்த வீட்டின் பட்டாலைப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணு இன்னைக்கே வேணும், நான் திங்கக்கிழமை பினாங்கு போறேன்” என்றார். பணம் கட்டி முன்பதிவு செய்தவர் அவர். கொடுக்க என்னிடம் புத்தகம் இல்லை. இப்படி முன்பதிவு செய்தவர்கள் 38 பேர். அத்தனை பேரிடமும் நான்தான் நின்று விளக்கம் சொன்னேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என்ன தாள், என்ன நூல், என்ன துணி என்று எழுதி அதன் கீழேதான் நான் கையெழுத்துப் போடுகிறேன். வாங்குகிறவர்கள் அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். உங்கள் தாளில் அந்தப் பக்கத்தை அடித்தால் அதில் இருப்பது பொய். அதில் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

உங்கள் பதில்களைப் பார்ப்போம். பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றீர்கள். பிரிக்காமல் தாளை எப்படி மடித்துப் பார்ப்பது? அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றீர்கள். அது எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது இதுதான். 18 பாக்கெட்டுக்கான 67,500 ரூபாயும் அதற்குக் கட்டிய வரியும் திரும்ப வர வேண்டும். ஏழு தாளையும் 50 பிரதிக்கும் திரும்ப அடிக்க ஆகும் மைச் செலவை ஏற்க வேண்டும், பில்லோடு தருகிறேன். சாம்பிளில் இருந்த அதே தாள் உங்களிடம் இருந்தால், தயாரிப்பாளர் லேபிள் தெரிகிற மாதிரி, மேலே எந்த ஸ்டிக்கரும் ஒட்டாமல் அனுப்புங்கள், அதற்கான பணத்தை நான் தனியாகக் கட்டுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள், வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அதைவிட முக்கியம், இதே சரக்கை வேறு யாருக்கெல்லாம் விற்றீர்களோ அவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லுங்கள். கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள், ஓவியப் பிரதி போடுகிறவர்கள் எல்லாரும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதுவரை இணையதளத்தில் அந்த விவரத்தை எடுத்துவிடுங்கள்.

நான் வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று உங்கள் மேலாளர் ஒருவர் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்குகிறவரை அது விலக்கவில்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் அது முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. நான் குடியிருக்கும் சிவகங்கை மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலேயே போடலாம், 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அங்கே போகாமலே முடிந்தால் எனக்கு நல்லது, என் வேலையைப் பார்க்கலாம். இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போன் வேண்டாம்.

பிரிக்காத மூன்று பாக்கெட்டும், வெடித்த தாள்கள் எல்லாமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பார்த்துச் சோதிக்க ஆள் அனுப்புவதானால் முதல் நாளே சொல்லுங்கள், பகலில் வரச் சொல்லுங்கள். பைண்டிங் அண்ணனையும் கூட இருக்கச் சொல்கிறேன். பாக்கெட்டுகளை எடுத்துப் போவதானால் பணம் வந்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.

இணைப்பு: பில் நகல், இணையதள விவரத்தின் படம், தண்ணீர் தடவிய துண்டுகளின் படம், டார்ச் வீடியோ, ஸ்டிக்கருக்கு அடியில் தெரியும் லேபிளின் படம்.