ஜூலையில் வர முடியாது, கண்ணு

அன்பு மகளுக்கு,

ஜூலையில் டொராண்டோவுக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். பேரனுக்கு லீவு, நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன், இங்கிலாந்தில் தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் அப்பா என்றும் கேட்டாய். போனில் சொன்னால் நடுவில் பேசிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

மே தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை, பறவைகளுக்கு வளையம் போடும் எங்கள் குழுவுக்குப் பன்னிரண்டு விடியற்காலைகள் உண்டு. பத்துப் பதினோரு நாளைக்கு ஒருமுறை, அதே காட்டில், அதே இடங்களில் வலை கட்டி, அதே அளவு நேரம் வைத்திருக்க வேண்டும். சிக்கும் பறவையின் காலில் எண் பொறித்த சின்ன அலுமினிய வளையத்தை மாட்டி, அளந்து, எழுதிக்கொண்டு விட்டுவிடுவோம். பி.டி.ஓ. என்கிற பறவை ஆய்வு அமைப்பு 1983 முதல் நாடு முழுக்க இதை நடத்துகிறது. காட்டில் வலை கட்டுகிறவர்கள் என்னைப் போன்ற தன்னார்வலர்கள்தான்.

பறவைகளை வெறுமனே எண்ணினால், குறைந்திருக்கின்றன என்று தெரியும். ஏன் என்று தெரியாது. பெரியவை சாகின்றனவா, குஞ்சுகள் தேறவில்லையா? வலையில் விழும் இளசுகளையும் பெரியவற்றையும் ஒப்பிட்டால் இரண்டாவதற்குப் பதில் கிடைக்கும். போன வருஷம் வளையம் போட்டவற்றில் எத்தனை திரும்பி வந்தன என்று பார்த்தால் முதலாவதற்கு. ஆனால் சிக்காத பறவையெல்லாம் செத்த பறவை அல்ல. வலைக்கு மேலாகப் பறந்திருக்கலாம், நாலு மரம் தள்ளிக் கூடு கட்டியிருக்கலாம். பிழைத்திருக்கும் வாய்ப்பையும் பிடிபடும் வாய்ப்பையும் தனித்தனியே பிரிக்கும் கணக்கை 1960களில் கோர்மாக், ஜாலி, சீபர் என்ற புள்ளியியலாளர்கள் வகுத்துத் தந்தார்கள். ஒரு வருஷம் காணாமல் போய், அடுத்த வருஷம் அதே எண்ணோடு வந்து விழும் பறவைதான் அந்தக் கணக்குக்கு ஆதாரம். நான் ஒரு நாள் போகாவிட்டால், பறவை வரவில்லையா, ஆள் வரவில்லையா என்று யாருக்குத் தெரியும்?

உதாரணத்துக்கு வில்லோ வார்ப்ளர் என்ற பறவையைச் சொல்கிறேன். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம், இங்கே புழங்கும் ஒரு பவுண்டு நாணயத்தின் எடை. அவ்வளவு சின்ன உடம்பு சகாரா தாண்டிப் போய்க் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வருகிறது! வலையின் மடிப்பில் தலைகீழாகத் தொங்கும்போது எந்தப் பக்கமாக நுழைந்தது என்று முதலில் பார்த்து, கால்களிலிருந்து விடுவிக்க வேண்டும். கழுத்து என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருக்கும், இறுக்கவே கூடாது. வயிற்றில் மெல்ல ஊதினால் இறகு விலகும். அடைகாக்கும் பெட்டையென்றால் அங்கே இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். எடை பார்க்கப் பழைய பிலிம் ரோல் டப்பாவில் தலையை உள்ளே விட்டு நிறுத்துவோம், இருட்டில் அமைதியாக இருக்கும்.

தெற்கு இங்கிலாந்தில் இந்தப் பறவை குறைந்துகொண்டே போகிறது, ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. தென்கிழக்கில் இவை வளர்த்தெடுக்கும் குஞ்சுகள் வடமேற்கைவிடக் குறைவு என்று காட்டியது எங்களைப் போன்றவர்கள் கட்டிய வலைகள்தான். அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பாவம், பயப்படாதா என்று பேரன் கேட்டானாம். நல்ல கேள்வி. பயப்படும்தான். அதனால்தான் வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்து உரிமம் வாங்கியவர்களின் கண்காணிப்பில்லாமல் யாரும் தொடக்கூடாது. மழையென்றால் வலை கட்டமாட்டோம். திறந்த வலையை அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டே இருப்போம். பறவை சோர்ந்து தெரிந்தால் அளவெல்லாம் வேண்டாம், உடனே விட்டுவிடுவோம். இதை அப்படியே அவனுக்குப் படித்துக் காட்டு.

சரி, செப்டம்பர் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடு. அவனுக்கு ஸ்கூல் திறந்துவிடும், பரவாயில்லை. காலையில் நானே கூட்டிக்கொண்டுபோய் விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா