பாலத்து வடிகால்: ஏழு மாதமாக அலைய விடுகிறீர்கள்

வணக்கம்.

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சந்துப் பாலத்துக்கு மார்ச் மாதம் நீங்கள் போட்டுக்கொடுத்த மழைநீர் வடிகால் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். இது நான்காவது கடிதம். 11 வீட்டார் சேர்ந்து 14,800 வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருக்கிறோம், ரசீது இருக்கிறது.

தளத்தில் நான்கு ஓட்டை போட்டு இரும்பு மூடி வைத்தீர்கள், சரி. ஆனால் ஓட்டையிலிருந்து இறங்கும் குழாயைத் தளத்தின் அடிமட்டத்தோடு வெட்டி விட்டுவிட்டார்கள் உங்கள் ஆட்கள். ஒரு சாண் கீழே இறக்கி விட்டிருந்தால் தண்ணீர் நேராகக் கீழே லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) விழுந்திருக்கும். இப்போது சிமெண்டோடு ஒட்டிக்கொண்டு பாலத்தின் அடியிலேயே ஓடி உத்திரத்தில் இறங்குகிறது. உள்ளே கம்பி போகும் இடமெல்லாம் வெற்றிலை எச்சில் துப்பியது மாதிரி துருக்கோடு, ஓரிடத்தில் சிமெண்டு பெயர்ந்து கம்பியே தெரிகிறது. பாலத்துக்கு வடிகால் போடும் கம்பெனிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

இதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டு, டோல் கட்டி, பூச்சோங்கில் உங்கள் ஆபீஸ் வரைக்கும் வந்தேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பார்க்க வேண்டியவர் ராவாங் போயிருக்கிறார் என்றார்கள். காலையில் போன் செய்தபோது "வாங்க, இருப்பார்" என்றதும் அதே கவுண்டர்தான். அப்புறம் அந்தப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது: "ஆன்ட்டி, மழை பெஞ்சா தண்ணி நிக்கத்தான் செய்யும்." எனக்கு 58 வயது. இந்த ஊர் மழையை எனக்குச் சொல்லித்தருகிறாரா? அக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் எப்படிக் கொட்டும் என்று தெரிந்துதானே பணம் கட்டினோம்!

மூடியைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். அதன் கம்பிகள் வண்டி போகும் வாக்கிலேயே இருக்கின்றன, குறுக்கே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் டயர் உள்ளே இறங்கி, முழங்கையில் ஐந்து தையல். போதாததற்கு மூடி தார் மட்டத்தைவிட ஒரு விரல்கடை உயரம், தண்ணீர் அதற்குள் எப்படிப் போகும்? எங்கள் சந்தே நாசமாகிவிட்டது, இந்தப் பாலம் போனால் வெளியே வர எங்களுக்கு வேறு வழி கிடையாது.

தயவுசெய்து வரும் திங்கட்கிழமை காலை, மழைக்கு முன்னால், விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள். நான்கு குழாயையும் நீட்ட வேண்டும், மூடிகளைத் திருப்பித் தாழ்த்திப் பதிக்க வேண்டும், பெயர்ந்த இடத்தையும் பூச வேண்டும். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்துவிடுவேன். அங்கே 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீலும் தேவையில்லை. படங்கள் எல்லாம் தேதியோடு எடுத்து வைத்திருக்கிறேன்.

வரும்போது ஏணி கொண்டுவரச் சொல்லுங்கள், போன தடவை வந்தவர் மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படிக்கு,
பாலத்தை ஒட்டிய முதல் வீட்டுக்காரி