அப்பா சாப்பிட்டுவிட்டார்

எல்லோருக்கும் வணக்கம். ஞாபகம் தப்பி, வீட்டை விட்டுப் போய்க் காணாமல்போன அப்பா கிடைத்துவிட்டார், வீட்டில்தான் இருக்கிறார். இதை எழுதும்போது கூடத்தில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருக்கிறார். அந்த ஒன்றரை நாள் எப்படிப் போனது என்று டெங்கிலில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் எங்களோடு தெருவில்தான் நின்றீர்கள்.

மோட்டார் சைக்கிளில் செம்பனைக் காட்டுக்குள் புகுந்து தேடிய பிள்ளைகள், வாட்சாப்பில் படம் அனுப்பியவர்கள், கோயில் கமிட்டி, போலீஸ்காரர்கள், விடியவிடிய எங்களுக்குக் காப்பி கலக்கிய கீழ்மாடி அக்கா... பேர் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன். எல்லோருக்கும் கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. சரி, நேரில் பார்க்கும்போது தம்பியை விட்டு மலாயில் சொல்லச் சொல்கிறேன்.

புத்ராஜெயாவில் இருக்கும் புத்ரா பள்ளிவாசலில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கி எடுத்துக் கொடுக்கும் பாக்சிக் (மலாயில் பெரியவரை இப்படித்தான் கூப்பிடுவோம்) அவர். அப்பா அவ்வளவு தூரம் எப்படிப் போனார் என்று இன்னும் புரியவில்லை. 116 மீட்டர் மினாரா (பள்ளிவாசல் கோபுரம்). அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருப்பார் என்பது என் கணக்கு. அவர் பிறந்ததும் ரப்பர் பால் வெட்டியதும் பிராங் பெசார் தோட்டத்தில். 1921இல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காரர்கள் திறந்த தோட்டம். வெளிநாட்டில்கூட நடுகிற பி.பி. (பிராங் பெசார்) ரப்பர் கன்று எங்கள் தோட்டத்துச் சரக்கு என்று இன்றைக்கும் பெருமை பேசுவார். தோட்டம் புத்ராஜெயா நகரம் ஆனது. சுவாவ் ஆற்றை மறித்து ஏரி வந்தது. கரையில் 1999இல் அந்த ரோஜா நிறப் பள்ளிவாசலைக் கட்டி முடித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அந்த வருஷங்களெல்லாம் நினைவிலிருந்து கழன்றுவிட்டன.

மழையில் நனைந்து, ஒற்றைச் செருப்போடு, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாராம். 15,000 பேர் தொழுகிற இடத்தில் ஓரமாக இருந்த ஒரு கிழவர் எப்படித்தான் பாக்சிக் கண்ணில் பட்டாரோ. வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். அப்பா ஏரியைக் காட்டியிருக்கிறார்.

நாங்களாக இருந்தால், "அங்கே ஏதுப்பா வீடு, எல்லாம் போயாச்சு" என்றிருப்போம். தினமும் அதைத்தான் சொல்கிறோம். ஒவ்வொரு தடவையும் புதுசாகச் சாவுச்செய்தி கேட்டவர் மாதிரி அவர் முகம் இருண்டுபோகும். பாக்சிக் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவீர்கள்?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். உளி, பால் பிடிக்கும் மங்கு, ஒட்டுப்பால், வேலை வாங்கும் தண்டலோடு போட்ட சண்டை எல்லாம் வெளியே வந்திருக்கிறது. குளிரில் நடுங்கியவருக்குப் பெண்கள் போடுகிற ரோஸ் அங்கியை, தலை முக்காட்டோடு, மாட்டிவிட்டிருக்கிறார். அப்புறம் காலரில் நாங்கள் எழுதி வைத்திருந்த நம்பருக்கு அழைத்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா சாப்பிட்டுவிட்டார், மெதுவாக வாருங்கள்." நான் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பணம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்பா எழுந்து வர மறுத்தார். காத்திருந்த நேரத்தில் தம்பி போனைப் பார்த்துப் படித்தான்: மினாரா பாக்தாத் ஷேக் ஓமார் பள்ளிவாசல் பாணி, கீழ்ச்சுவர் காசாபிளாங்காவின் ஹசன் பள்ளிவாசல் மாதிரி, வாசல் பாரசீகப் பாணி. இத்தனை பழைய ஊர்களை நினைத்துக் கட்டிய கட்டடத்துக்கு முன்னால் ஒருவர் தன் லயத்து வீட்டை நினைத்து உட்கார்ந்ததில் என்ன தப்பு?

இனிமேல் நான் அவரைத் திருத்தப் போவதில்லை. ஏரியைக் காட்டினால், வாசலில் என்ன மரம் நின்றது என்று கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

அங்கி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அப்பா கழற்ற விடவில்லை. நேற்று தூங்கும்போதுதான் உருவித் துவைத்தேன். மாடிக் கொடியில் காய்கிறது. பாக்சிக், இந்த ஞாயிறு கொண்டுவந்து தருகிறோம். முறுக்கும் வரும்.

மகள்,
டெங்கில்