ஓவியக்கூடத்துப் பெரியவருக்கு நன்றி

நண்பர்கள் நால்வரும் மூன்று நாளில் ஐந்து அருங்காட்சியகம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் மதியம் கால் கடுக்க ஒரு கூடத்தில் நின்றபோது, காவலுக்கு இருந்த பெரியவர் பெஞ்சைக் காட்டி, "எல்லாத்தையும் பார்க்கணும்னு இல்லை. இந்த ஒரு படத்துக்கு முன்னால பத்து நிமிஷம் உட்காருங்க" என்றார்.

அப்புறம் எழுந்து பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொன்னார். நேரே தட்டையாகத் தெரிந்த ஆற்றங்கரை, மேடும் பள்ளமுமாக எழுந்து வந்தது. தூரிகை மயிர் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. 1841இல் தகரக் குழாய் வந்து, வண்ணத்தை அதில் அடைத்து எடுத்துப்போக முடிந்த பிறகுதான் ஓவியர்களுக்கு வெளியில் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் வரைவது எளிதானதாம். அதைக் கேட்டதும், தண்ணீர் மேல் கிடந்த மஞ்சள் திட்டு எனக்கு அன்றைய வெயிலாகவே தெரிந்தது.

மிச்ச அருங்காட்சியகங்களை விட்டுவிட்டோம். இரவு சாப்பாட்டு மேசையில் கோப்பைகள் காலியான பிறகும் அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் பேச்சு. இத்தனை வருட நட்பில் நாங்கள் இவ்வளவு நிதானமாகப் பேசிக்கொண்டதே இல்லை.

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். மனமார்ந்த நன்றி. அடுத்த முறை வந்தால் நேரே அந்தப் பெஞ்சுக்குத்தான் வருவோம்.